கொண்டைக்கும் இடம் விட்ட தொப்பி: தையல் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய அறையில் 27 ஆண்டுகளாகத் தையல் வேலை செய்துவரும் நான், தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வரும், உடுப்புக்குத் துணி வெட்டும் முறையைக் காட்டும் வெட்டுப் படங்களைக் கத்தரித்துப் பழைய கணக்கு நோட்டில் ஒட்டிவைத்துக்கொள்ளும் பழக்கம் உடையவள். தலைக்குத் தொப்பியும் முன்பக்கம் பொத்தான் பட்டியும் வைத்த பின்னல் துணி மேலாடையை, அதாவது கடைகளில் ஹூட் கார்டிகன் என்று கேட்டு வாங்கப்படும் உடுப்பை, வீட்டிலேயே தைக்கும் முறை அண்மையில் அந்தப் பக்கத்தில் படத்துடன் வெளியாகியிருந்தது. படம் தெளிவாகவே இருந்தது. ஆனால் ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்று இரண்டு அளவுகளைக் கொடுத்திருந்தார்களே தவிர, உடம்பின் எந்த இடத்தை அளந்து அந்த எண்களுக்கு வந்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரிலேயே தையல் பழகும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, தாங்கள் தைத்தது ஏன் கழுத்தைப் பின்னுக்கு இழுக்கிறது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத் தங்களுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கடிதம்.

இராமநாதபுரம் கடற்கரையில் கார்டிகன் எதற்கு என்று வாசகர்கள் சிலர் நினைக்கக்கூடும். எங்கள் பக்கம் ஊட்டிக் குளிர் கிடையாது. மார்கழியிலும் பெரும்பாலான இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. எங்களை வாட்டுவது குளிரைவிடக் காற்றுதான். கார்த்திகையில் வாடை பிடித்துவிட்டால் வடகடல் கொந்தளித்து, விடியுமுன் கரையில் நிற்பவரின் காதுக்குள் ஊதிக்கொண்டே இருக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோ மீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்துவிடுவார்கள் என்பது இப்பகுதியில் எல்லோரும் அறிந்தது. அந்தக் காற்றில் ஈரச் சேலையோடு மீன் ஏலத்துக்கு நிற்கும் பெண்களும், பாசி எடுத்துக் கரையேறும் பெண்களும் தலையில் துண்டைக் கட்டி, சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். துண்டு அவிழ்கிறது, சட்டைக் காலர் காதை மறைப்பதில்லை. ஆகவே முன்பக்கம் திறந்து, தலைக்கும் மூடி உள்ள ஓர் உடுப்பு எங்கள் கரைக்கு அலங்காரப் பொருள் அல்ல.

இதைத் தைப்பதில் உள்ள முதல் சிக்கல் எங்கள் தொழிலின் பழக்கத்திலேயே இருக்கிறது. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் கூடவே ஓர் அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதைத் துணிமேல் பரப்பி, சாக்பீஸால் ஓரம் வரைந்து, ‘இந்த இடம் கொஞ்சம் பிடிக்குது, அரை இஞ்சு விடுங்க’ என்ற திருத்தத்தோடு வெட்டிவிடுவோம். உடம்பை நேராக அளந்து, அந்த அளவிலிருந்து தாளில் கோடு போட்டு, தாளை வெட்டி, பிறகு துணிக்குப் போகும் முறையை எங்களில் பலர் பழகும் காலத்தில் கற்றதோடு சரி. தொப்பி வைத்த கார்டிகனுக்கோ அளவு ஜாக்கெட் என்று கொண்டுவர வீட்டில் எதுவும் இல்லை. உடம்பே அளவு, தாள் பேட்டர்னே வழி.

சென்ற ஐப்பசியில் பாம்பனிலிருந்து ஒரு மீன் வியாபாரப் பெண்மணி இந்த உடுப்பைக் கேட்டு வந்தார். அதிகாலைப் பேருந்தில் ஏறி இராமநாதபுரம் வரை கூடையோடு போகிறவர். நான் முதலில் இக்காலத்து வழியை நாடினேன். உடம்பின் அளவுகளைக் கொடுத்தால் அந்த ஒருவருக்கென்றே பேட்டர்ன் வரைந்து தரும் கணினிச் செயலிகள் இப்போது இருக்கின்றன. என் தங்கை மகள் அவருடைய மேல்மார்பு 90, மார்பு 96, இடுப்பு 88, இடுப்புக்குக் கீழே அகன்ற இடம் 102, தோளிலிருந்து மணிக்கட்டு வரை 56, தலைச் சுற்றளவு 55 என்று எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் பதிந்து ஒரு பேட்டர்னை எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் இஞ்சில் வெட்டிப் பழகியவர்கள் என்றாலும் எல்லா டேப்பின் மறுபக்கத்திலும் சென்டிமீட்டர் இருக்கிறது. இரண்டு நாளில் கண் பழகிவிடும். அதைச் சாதாரணத் தாள்களில் அச்சிட்டு, ஓரம் வெட்டி, குறிக்குக் குறி சேர்த்து ஒட்டினால் முழுப் பேட்டர்ன் கிடைக்கும்.

இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். அச்செடுத்த கடையில் தாளின் ஓரத்துக்குள் படம் அடங்கும்படி இயந்திரம் தானே சுருக்கிக்கொள்ளும் முறையில் அச்சிட்டுவிட்டார்கள். அந்தத் தம்பியின்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கல்விச் சான்றிதழ்களை அச்சிட்டுப் பழகியவர். முதல் தாளின் மூலையில் 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சோதனைக் கட்டம் இருந்தது. அதை நான் அளக்கவில்லை. தைத்து முடித்து, பொத்தான் பூட்டும்போது மார்பில் வாய் பிளந்து நின்ற பிறகுதான் டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன்: 4.7. நூற்றுக்கு ஆறு பங்கு சுருங்கியிருந்தது. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் அந்த ஆறு பங்கு, 108 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய உடுப்பின் சுற்றை ஏறத்தாழ 101.5 ஆக்கிவிட்டது, மார்புக்கு மேல் 12 சென்டிமீட்டர் தளர்வு என்று நாங்கள் திட்டமிட்டது ஐந்தரையாகக் குறைந்தது. உள்ளே ஜாக்கெட்டும் முந்தானை மடிப்பும் இருக்கும் உடம்பில் ஐந்தரை எந்த மூலைக்கு? கை 56 இருக்க வேண்டியது 53-ஐக்கூட எட்டவில்லை. முக்கால் கிலோவுக்கு மேல் துணியும் மூன்று நாள் உழைப்பும் போயின. அந்த உடுப்பு இன்று என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியிருக்கிறது. வெட்டுவதற்கு முன் சோதனைக் கட்டத்தை அளக்க வேண்டும் என்பதைத் தையல் பழகும் ஒவ்வொருவரும் கத்தரியைத் தொடுமுன் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாம் முறை அச்சு அளவு சரியாக வந்தது. உடம்புச் சுற்று நன்றாகவே பொருந்தியது, தொப்பிதான் பொருந்தவில்லை. அந்த வியாபாரப் பெண்மணி தொப்பியைத் தலைக்கு இழுத்தார். அது நடுத்தலையோடு நின்று நெற்றியைத் தொடாமல் பின்னுக்கே சரிந்தது. “ஏக்கா, கொண்டைய அவுத்துப் போட்டுட்டா நான் யாவாரத்துக்குப் போவேன்?” என்று அவர் கேட்டபோது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. கணினி தலைச் சுற்றளவைக் கேட்டது, கொண்டையைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெட்டிய குட்டை முடிக்கோ, தொங்கவிட்ட முடிக்கோ வரைந்த தொப்பியை, பிடரிக்கு மேல் உள்ளங்கையளவு கொண்டை போட்ட பெண்ணின் தலையில் பொருத்தப் பார்த்திருக்கிறோம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வரும் பெண்களுக்குக் கொண்டையோடு துப்பட்டாவின் மடிப்பும் சேர்ந்துகொள்ளும்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது என் தாயார் மழைக்குப் போட்டுக்கொண்ட கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்தால் உண்டாகும் அந்தக் கூம்பு, கொண்டையின் மேல் தாராளமாக உட்கார்ந்து முதுகு வரை தொங்கும். ஒரு தையலும் கிடையாது. அது ஏன் எந்தத் தலைக்கும் பொருந்தியது என்று யோசித்தேன். தலைக்குப் பின்னால் அதற்கு ஆழம் இருந்தது. தற்காலத் தொப்பிக்கு அந்த ஆழம் இல்லை.

ஆகவே தொப்பியை மட்டும் கணினிப் பேட்டர்னிலிருந்து நீக்கிவிட்டு நானே வரைந்தேன். இரண்டு துண்டுகளை நடுவில் இணைக்கும் தொப்பி உச்சியில் கூராக நிற்கும். மூன்று துண்டுத் தொப்பி, அதாவது இரு பக்கத் துண்டுகளுக்கும் இடையே நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் ஒரு நடுப்பட்டை வைத்தது, தலையின் வடிவத்தோடு போகும். கொண்டைக்கு இடம் கொடுக்க அந்த நடுப்பட்டையே வசதி. கொண்டை போட்ட நிலையில் இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். முதலாவது, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தொடங்கி உச்சி வழியாக மறுபக்கம் அதே இடம் வரை: அவருக்கு 64. இரண்டாவது, ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து பின்னால் கொண்டையைச் சுற்றி மறு நெற்றிப்பொட்டு வரை: 50. கொண்டை இல்லாமல் அதே அளவு 40-தான் வந்தது. இந்தப் பத்து சென்டிமீட்டரைத்தான் முதல் தொப்பி விழுங்கியிருந்தது.

64-உடன் 6 தளர்வு சேர்த்தால் 70. உச்சியில் நடுப்பட்டை 9 அகலம். மிச்சம் 61-ஐ இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத் துண்டின் உயரம் 30.5. பின்சுற்று 50-க்குத் தனியாகத் தளர்வு சேர்க்கத் தேவையில்லை, ஏனென்றால் முகத்தைச் சுற்றி வரும் பட்டி பக்கத்துக்கு 3 வீதம் அந்த 6-ஐத் தானே கொடுத்துவிடுகிறது. நடுப்பட்டையைக் கொண்டை உட்காரும் இடத்தில் 13 வரை அகலமாக்கி, கழுத்துக்கு வரும்போது 8-ஆகக் குறுக்கினேன். 50-இல் 13 போக மிச்சம் 37. பக்கத் துண்டின் ஆழம் 18.5. தையலுக்கு விடுவது இவை எல்லாவற்றுக்கும் வெளியே. தொப்பியின் விளிம்பு புருவத்துக்கு முன்னால் வந்துவிடக் கூடாது என்பதையும் பார்த்துக்கொண்டேன். தேசிய நெடுஞ்சாலையை இருட்டில் கடக்கிறவருக்கும் படகில் நிற்கிறவருக்கும் பக்கப் பார்வை மறையும் தொப்பி ஆபத்து.

தொப்பி கழுத்தில் சேரும் இடம்தான் பலருக்கும் தடுமாற்றம். உடம்புப் பகுதியின் கழுத்து வளைவை, தையல் விழும் கோட்டிலேயே, டேப்பைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அளக்க வேண்டும். இவருக்குப் பின்கழுத்து 17, முன்கழுத்து பக்கத்துக்கு 12, ஆக 41. தொப்பியின் அடியில் இரண்டு பக்கத் துண்டுகள் 16.5 வீதம் 33, நடுப்பட்டை 8, ஆக 41. இரண்டும் ஒன்றாக வராமல் ஊசியை எடுக்கக் கூடாது. மிச்சத்தைச் சுருக்கிப் பிடித்துச் சமாளித்தால் அந்தச் சுருக்கம் காதுக்குக் கீழே முடிச்சாக நின்று காலம் முழுவதும் உறுத்தும். முன்கழுத்தை 12 என்று சொன்னதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 3 சென்டிமீட்டர் அகலப் பட்டி ஒன்றன்மேல் ஒன்று சரியாக நடுமார்பில் படிய வேண்டுமானால், முன்பாகத் துண்டை நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். தங்கள் பக்கத்தில் வெளியான படத்தில் முன்பாகம் நடுக்கோடு வரை வரையப்பட்டு, அதற்கு வெளியே பட்டியும் சேர்க்கப்பட்டிருந்தது. அப்படித் தைத்தால் உடுப்பு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகி முன்கழுத்து தொங்கும்.

என்னிடம் வந்த பெண்கள் கேட்ட கேள்விக்கு, அதாவது உடுப்பு ஏன் பின்னுக்கு இழுக்கிறது என்பதற்கு, விடை மிக எளிது. தலையில் போடாதபோது தொப்பியின் எடை முழுவதும் பின்கழுத்தில் தொங்குகிறது. பின்னல் துணி அந்த எடைக்கு நீண்டு கொடுக்கிறது. ஒரு தோள் முனையிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் முனை வரை, நீளாத பருத்தி நாடா ஒன்றை உள்பக்கம் வைத்துத் தையலோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் தோள் நீளாது, கழுத்து அகலாது. பாவாடைக்கு வாங்கும் நாடாவே போதும், துவைத்துச் சுருங்கவிட்ட பிறகு.

கைக்குழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் உழைக்கும் பெண்களுக்குத் தைப்பவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான். நானும் பல ஆண்டுகள் தவறியிருக்கிறேன். கை தாராளமாக ஓட வேண்டும் என்றால் கைக்குழியை ஆழமாக இறக்கி வெட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது விலாப்பக்கத் துணி முழுவதும் கூடவே எழும்பி, இடுப்பு வெளியே தெரியும். கூடையைத் தலைக்கு ஏற்றும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் உடுப்பை இழுத்துவிடுவதே வேலையாகிவிடும். குழியை அக்குளுக்கு அருகில் உயர்த்தி வைத்து, உடுப்பின் கைப்பகுதியின் மேல் வளைவைத் தாழ்த்தி, அந்த அளவுக்குக் கையை அகலப்படுத்தினால் கை தனியாகத் தூக்கும், உடம்பு அசையாது. கணினி கொடுத்ததைவிடக் குழியை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தினேன். கையின் மேல் வளைவை 2 சென்டிமீட்டர் தாழ்த்தினேன். அவருடைய புஜம் 34. பெட்டி தூக்கித் தூக்கி உறுதிப்பட்ட கை. அதற்கு 6 தளர்வு விட்டு 40 வைத்தேன். மேல் வளைவின் நீளம் கைக்குழியின் சுற்றளவோடு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பின்னல் துணியில் அங்கே சுருக்கிச் சேர்க்கும் மிச்சம் வேண்டாம்.

தோள்கள் இரண்டும் ஒன்று என்று பேட்டர்ன் நம்புகிறது. மடித்த துணியில் பாதி வரைந்து வெட்டும்போது நாமும் அதையே நம்புகிறோம். இவருக்கு வலது தோள் இடதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வு. நிமிர்ந்து நிற்கச் சொல்லி, பின்கழுத்து எலும்பிலிருந்து இரு பக்கமும் தோள் முனைக்கு அளந்தும், தரையிலிருந்து இரு தோள் முனைகளின் உயரத்தை அளந்தும் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. ஆகவே பின்பாகத்தைப் பாதியாக வரையாமல் முழு அகலத்துக்குத் தாள் ஒட்டி, இடம் வலம் என்று எழுதி, வலது தோள் கோட்டையும் வலது கைக்குழியையும் அந்த அளவுக்கு இறக்கி வரைந்தேன். பின்பாகத்தின் அடியை 4 சென்டிமீட்டர் நீட்டி வளைத்தேன். குனிந்து மீன் தரம் பிரிக்கும்போது முதுகுக்குக் காற்று படாமலிருக்க அது வேண்டும்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து வரும் பருத்திப் பின்னல் துணியில் உள்பக்கம் சிறு வளையங்களாக இருக்கும் ரகம் இதற்கு ஏற்றது; உள்பக்கம் பஞ்சுபோல் சீவிவிட்ட ஃப்ளீஸ் எங்கள் ஊருக்குப் புழுங்கும். எடைக்கு விற்பார்கள் என்பதால் மீட்டர் கணக்கை எடையாக்கத் தெரிந்திருக்க வேண்டும்: 1.6 மீட்டர் அகலத்தில் 2 மீட்டர் என்றால் 3.2 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 250 கிராம் உள்ள துணியானால் 800 கிராம். வெட்டுமுன் 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றைத் துவைத்து வெயிலில் உலர்த்திப் பார்த்தேன். நீளத்தில் 47, அகலத்தில் 48.5. துவைக்காமல் வெட்டியிருந்தால் 60 நீள உடுப்பு முதல் துவைப்பிலேயே 56 சொச்சத்துக்கு வந்திருக்கும். ஒத்திகைக்குப் பழைய வேட்டியில் தைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம், ஆனால் நெய்த துணி நீளாது என்பதால் பின்னல் துணி உடுப்புக்கு அது தவறான விடையைக் கொடுக்கும். பழைய டி-ஷர்ட்டுகளைப் பிரித்து ஒட்டுப் போட்டு ஒத்திகை பார்ப்பதே சரி. உருண்டை முனை ஊசியைப் போட்டால் துணியில் ஓட்டை விழாது.

உலோக ஜிப் எங்கள் உப்புக்காற்றில் ஒரு பருவம் தாங்காது. பல் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், அல்லது பொத்தானே போதும். தொப்பிக்குக் கயிறு கோர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகளின் உடுப்பில் தொப்பிக் கயிறு எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கியதால்தான் அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டிலேயே அதைத் தவிர்க்கும் வழிகாட்டுதலை வெளியிட்டார்கள். பேருந்துக் கதவும், படகின் எந்திரமும், வலைக்கயிறும் உள்ள இடத்தில் பெரியவர்களுக்கும் அதே ஆபத்துதான். தாடைக்குக் கீழே பொத்தானுடன் ஒரு சிறு பட்டை வைத்தால் தொப்பி பறக்காது.

மூன்றாம் முறை தைத்த அந்த உடுப்பை அவர் கார்த்திகை முழுவதும் போட்டிருந்தார். காலையில் பேருந்து நிறுத்தத்தில் தொப்பியைப் போட்டபடி கூடையைத் தலைக்கு ஏற்றியதை நானே அருகிலிருந்து பார்த்தேன். சும்மாடு தொப்பியின் மேல் வழுக்காமல் உட்கார்ந்தது, கொண்டை உள்ளே நசுங்கவில்லை, இடுப்பில் உடுப்பு ஏறவில்லை. அவரைப் பார்த்து இதுவரை ஆறு பேர் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆறு பேருக்கும் ஆறு தாள். முதலாமவரின் தாளை எடுத்து இரண்டாமவருக்கு வைத்துப் பார்த்தேன். தோளும் சேரவில்லை, தொப்பியும் சேரவில்லை.

இந்தியர்களுக்கென்று ஆயத்த ஆடை அளவுப் பட்டியல் உருவாக்க, ஆறு நகரங்களில் 25,000 பேரின் உடம்பை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டதைத் தங்கள் நாளிதழ் போன்றவற்றில் படித்து மகிழ்ந்தேன். வெளிநாட்டு அளவைப் பார்த்து வெட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு பட்டியல் பலருடைய சராசரியைத்தான் சொல்லும். தாழ்ந்த வலது தோளும் பிடரிக் கொண்டையும் சராசரியில் கரைந்துபோகும். கடையில் தொங்கும் ஆயத்த ஆடைக்குப் பட்டியல் போதும். வீட்டு வாசலில் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருக்கும் எங்களிடம் மக்கள் வருவது அந்தப் பட்டியலுக்குள் அடங்காததற்காகத்தான்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. மகளிர் பக்கத்தில் வெட்டுப் படம் வெளியிடும்போது, மீடியம், லார்ஜ் என்ற முடிந்த எண்களுக்குப் பதிலாக, உடம்பில் எங்கே தொடங்கி எங்கே முடித்து அளக்க வேண்டும், அதோடு எவ்வளவு தளர்வு சேர்க்க வேண்டும், எதை எத்தனையால் வகுக்க வேண்டும் என்ற வழியை எழுதுங்கள். தையலுக்கு விட்டது சேர்ந்ததா சேராததா என்பதை ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள். மார்பு 96, தளர்வு 12, ஆக 108, நான்கில் ஒரு பங்கு 27 என்று ஒரே ஓர் உதாரணம் கொடுத்துவிட்டால் எங்கள் பெண்கள் மற்றதைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்; சந்தையில் கிலோவும் கிராமும் வாய்க்கணக்காகப் போடுகிறவர்களுக்கு இது ஒரு கணக்கே இல்லை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. அதைப் பெறும் பெண்களுக்கு உடம்பை அளந்து தாளில் வரையும் பயிற்சியும் ஒரு பத்து நாளாவது கூடவே கிடைக்க வேண்டும் என்று தங்கள் தலையங்கப் பக்கத்தில் எழுதினால் அது உரியவர்கள் கண்ணில் படும். கணினி தெரிந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக, ஃப்ரீசூயிங் போன்ற கட்டற்ற செயலிகள் அளவு கொடுத்தால் கட்டணமின்றிப் பேட்டர்ன் வரைந்து தருவதையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடலாம். சோதனைக் கட்டத்தை அளக்கச் சொல்லும் எச்சரிக்கையோடு.

கொண்டைக்கு இடம் விட்ட மூன்று துண்டுத் தொப்பியின் வெட்டுப் படத்தை, என் கையால் வரைந்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியிட இடம் இருக்குமானால், தங்கள் பத்தியின் அகலத்துக்குப் படத்தைச் சுருக்கிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து யாரும் ஓரம் வரைந்து வெட்டப்போவதில்லை. ஓரங்களில் நான் எழுதியிருக்கும் எண்களும், எங்கிருந்து எங்கே அளப்பது என்று காட்டும் அம்புக்குறிகளும் படிக்கும்படி வந்தால் போதும்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.